ஸ்டோர் பாபுவின் வொர்க்ஸ்டேஷன்

கீபோர்டு வாங்குவதென்று முடிவான அன்றே அழகேசன் நீளத்தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார். இருபத்தாறு வருஷம் அரசாங்க ஸ்டோரில் கீப்பராக உட்கார்ந்த மனுஷர். ஒரு தகர வாளி வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கமிட்டிக் கையெழுத்து என்று பழகிய உடம்பு. போர்ட் பிளேரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ‘ஸ்டோர் பாபு’ என்றால்தான் தெரியும். சங்கீதத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது காதால் கேட்கப்படுவது என்ற ஒன்றுதான். கடைசியில் அதையும் மறந்துபோனார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் மனைவி சுசீலா பாடுகிறவள். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில், அவர்கள் தெரு முருகன் கோவிலில், வெள்ளிக்கிழமை பஜனையில், பதினெட்டு வருஷமாக முன்வரிசை. கச்சேரி கிடையாது, பட்டம் கிடையாது. ஆனால் அவள் எடுத்துக்கொடுத்தால்தான் மற்றப் பெண்கள் வாய் திறப்பார்கள். ஆர்மோனியம் வாசிப்பவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். பேங்க் ஆபீசரோ, வேறு ஏதோ ஆபீசில் இருப்பவரோ, மெயின்லேண்டிலிருந்து வந்து, இரண்டு மூன்று வருஷம் நன்றாகப் பழகி, ஒரு நாள் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் கையில் கிடைத்ததும் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கடைசியாக வந்த ராஜசேகர் என்ற பேங்க் மேனேஜர் நாலு வருஷம் இருந்தார். போன ஆவணியில் அவரும் லட்டு கொடுத்தார்.

அதற்கப்புறம் பஜனைக் குழு போனில் வாத்திய இசை மட்டும் ஓடும் டிராக் போட்டு அதோடு பாட ஆரம்பித்தது. முதல் வெள்ளி டிராக் மேலே ஏறியது. கூடவே ஏறிய சுசீலாவின் குரல் பாதியில் உடைந்து நின்றது. இரண்டாம் வெள்ளியும் அப்படியே. மூன்றாம் வெள்ளி அவள் பின்வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், “தொண்டை கட்டிக்கிச்சு” என்றாள். அந்தத் தொண்டைக்கட்டு மூன்று மாதமாகியும் விடவில்லை. அடுப்படியில் முணுமுணுப்பதும் நின்றுபோனது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முணுமுணுப்பைக் கேட்டபடியே பேப்பர் படித்தவர் அழகேசன். இப்போது பேப்பரில் ஒரு வரி மனதில் ஏறவில்லை.

வாத்தியக்காரர் வருவதும் போவதும் நம் கையில் இல்லை. வாத்தியமும் வாசிப்பவனும் வீட்டிலேயே இருந்துவிட்டால்? தானே கீபோர்டு வாங்கி, தானே கற்று, சுசீலாவை முன்வரிசைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவெடுத்தார். ஐம்பத்து மூன்று வயதில். வாயால் விசிலடிக்கக்கூடத் தெரியாதவர்.

இந்த நல்ல எண்ணத்தோடு நேரே சுசீலாவிடம் போய், உனக்கு எப்படிப்பட்டது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அழகேசன் கமிட்டி அமைத்தார்.

கமிட்டியில் அவரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் கூட வேலை பார்க்கும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் ராஜமாணிக்கம். சுவிட்ச் உள்ள எல்லாப் பொருளும் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நம்புகிறவர். இன்னொருவர் பக்கத்து வீட்டு ஈஸ்வரன், பெயின்ட் கான்ட்ராக்டர். ஈஸ்வரனுக்கு இருந்த ஒரே தகுதி, அடுத்த மாதம் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சென்னை போகிறார் என்பது. ஆன்லைனில் வாங்கலாமென்றால், இவ்வளவு பெரிய சாமானுக்குத் தீவின் பின்கோடை அடித்ததுமே கடைக்காரன் கையை விரித்துவிடுகிறான். அதனால் மெயின்லேண்டுக்கு யார் போனாலும் தெருவே லிஸ்ட் கொடுக்கும். போகிறவர் ஒரு பையோடு போய் ஒன்பது பையோடு வருவார். அதில் எட்டு அவருடையதாக இருக்காது.

முதல் கூட்டம் ராஜமாணிக்கம் வீட்டு வராந்தாவில் நடந்தது. ஈஸ்வரன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

“புதுசா கத்துக்கிறவனுக்கு அறுபத்தோரு கட்டை போதும்னு இந்த ஆளு சொல்றான்ணே. எடையும் நாலஞ்சு கிலோதான். கையில புடிச்சிட்டே வந்துருவேன்.”

“கத்துக்கிட்டப்புறம்?” என்றார் அழகேசன். “அப்ப இன்னும் இருபத்தேழு கட்டை வேணும்னா எங்க போறது? அபர்தீன் பஜார்ல கிலோக்கணக்குல விக்கிறானா?”

“சஹி பாத்,” என்று இந்தியில் ஒத்துக்கொண்டு தலையாட்டினார் ராஜமாணிக்கம். “எதிர்காலத் தேவைய பாக்கணும் அழகேசா.”

இது தீவுக்காரனின் வியாதி. கப்பல் எப்போது வரும், புயல் எப்போது மறிக்கும் என்று சொல்லமுடியாத ஊரில், ஒன்று போதுமான இடத்தில் இரண்டு வாங்குவதும் சின்னது போதுமான இடத்தில் பெரியது வாங்குவதும்தான் புத்திசாலித்தனம். அழகேசன் வீட்டில் மூன்று கிரைண்டர் பெல்ட்டும் நாலு குக்கர் காஸ்கெட்டும் எதிர்காலத் தேவைக்காகக் காத்திருக்கின்றன. அதில் ஒரு காஸ்கெட்டுக்கு உரிய குக்கர் ஓட்டையாகிப் பழைய இரும்புக்காரனிடம் போய் ஆறு வருஷமாகிறது. ஆகவே சாதாரணக் கீபோர்டு முதல் கூட்டத்திலேயே தள்ளுபடியானது. பாட்டை உள்ளேயே உண்டாக்கி, பதிந்து, அடுக்கி, தனியாளாக ஒரு ஆர்க்கெஸ்ட்ராவையே நடத்தவிடும் ‘வொர்க்ஸ்டேஷன்’ என்ற பெரிய ரகம்தான் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

மூன்று மாடல்களை ஒப்பிடும் பட்டியலில் முப்பத்தோரு கட்டங்கள் போட்டார் அழகேசன். எத்தனை கட்டை, எத்தனை வாத்தியம், ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும், எத்தனை டிராக் பதியலாம், பென் டிரைவ் போடலாமா, திரை தொட்டால் வேலை செய்யுமா, உப்புக்காற்றைத் தாங்குமா. பாதி வார்த்தைகளுக்கு அவருக்கு அர்த்தம் தெரியாது. எண் பெரிதாக இருந்த இடத்தில் பச்சை மையால் டிக் போட அர்த்தம் எதற்கு? ‘ஆர்பெஜியேட்டர்’ என்ற கட்டத்தில் மூன்று மாடலுக்கும் ‘உண்டு’ என்று எழுதிவிட்டு, அது இருப்பது நல்லதா கெட்டதா என்று ராஜமாணிக்கத்திடம் கேட்டார்.

“இருக்கட்டும். இல்லன்னா அப்புறம் தேடிட்டு அலையணும்,” என்றார் நிபுணர்.

சென்னைக் கடையிலிருந்து ஈஸ்வரன் வீடியோ காலில் வந்தார். பின்னால் வரிசை வரிசையாகக் கீபோர்டுகள். யாரோ ஒருவர் எதையோ அழகாக வாசித்துக்கொண்டிருந்தது கேட்டது. கடைக்காரர் போனை வாங்கிக்கொண்டார்.

“சார், வாசிச்சுப் பழக்கம் உண்டா?”

“இனிமேதான்.”

“அப்ப இது வேண்டாம் சார். இது ஸ்டேஜ்ல வாசிக்கிறவங்க எடுக்கிறது. சின்னதா ஒண்ணு காட்டறேன். இல்ல, இதுதான் வேணும்னா கூட சில சாமான் வாங்கணும்...”

அழகேசன் முகத்தில் ஒரு புன்னகை வந்தது. இருபத்தாறு வருஷம் சப்ளையர்களோடு மல்லுக்கட்டியவர். ‘கூட சில சாமான்’ என்று ஒரு சப்ளையர் வாயைத் திறந்தாலே தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அவருக்குத் தெரியும்.

“உபரி ஒண்ணும் வேண்டாம். பட்டியல்ல இருக்கறது மட்டும் குடுங்க,” என்றார். போனை வைத்ததும், “நம்மகிட்டயேவா?” என்று சுசீலாவைப் பார்த்துச் சொன்னார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதைப் பற்றி என்று அவளுக்குத் தெரியாது.

பெட்டி கப்பலில் வந்தது. அட்டை, தெர்மோகோல் எல்லாம் சேர்த்து முப்பது கிலோ. ஹாடோ ஜெட்டியில் இறங்கிய ஈஸ்வரனின் கண்கள் சிவந்திருந்தன.

“மூணு நாள் கப்பல்ல இது என் பங்க் பெட்ல படுத்துச்சு, நான் தரையில படுத்தேன். எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இவ்ளோ மரியாதை கெடைக்கலண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் திறப்பு விழா. சுசீலா கேசரி கிண்டியிருந்தாள். பெட்டிக்குள் என்ன என்று அப்போதுதான் அவளுக்குச் சொன்னார். எதற்காக என்றும் சொன்னார். அவள் கேசரியைத் தட்டுகளில் வைக்கப் போய்விட்டாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். கட்டில் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்று மேஜைமேல் படுத்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் திரை நீலமாக எரிந்தது. “வாஹ்!” என்றார் எதிர்வீட்டு பெங்காலிக்காரர். அழகேசன் நடுவில் ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்து, முருகா என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் அமுக்கினார்.

டக்.

இன்னொன்றை அமுக்கினார். டக். பத்து விரலாலும் அமுக்கினார். டகடக.

“சத்தியமா கீழ போடலண்ணே,” என்றார் ஈஸ்வரன் முதல் ஆளாக.

ராஜமாணிக்கம் டெஸ்டரை எடுத்துப் பிளக்கைச் சோதித்தார். கரண்ட் வந்தது. வால்யூமைத் திருகினார். பின்பக்கம் முகர்ந்து பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, கையேட்டின் பதினாலாம் பக்கத்தில் விஷயம் அகப்பட்டது: ஒலியைக் கேட்க ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ இணைக்கவும். அதற்குள் ஸ்பீக்கர் கிடையாது. பெரிய ரகத்துக்கு அப்படித்தானாம். முப்பத்தோரு கட்டத்தில் ‘சத்தம் வருமா’ என்று ஒரு கட்டம் இல்லை. தோணி வாங்கப் போகிறவன் மிதக்குமா என்றா கேட்பான்?

வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேசரி சாப்பிட்டார்கள். சுசீலா மட்டும் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் அழகேசனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“கோவில் மைக் செட்ல மாட்டிறலாம்ணே. அந்த ஒயரோட பின் இதுக்குச் சேரும்போல,” என்றார் ஈஸ்வரன்.

“அத்தன பேர் முன்னாடி ஒத்த விரல்ல தட்டச் சொல்றியா? என்னைய என்ன கோமாளின்னு நெனச்சியா? கத்துக்கிட்டு வர்றேன்.”

ராஜமாணிக்கம் ஏப்ரலில் லீவில் மெயின்லேண்ட் போகிறார். ஸ்பீக்கர் அவரோடு வரும் என்று கமிட்டி ஒத்திவைக்கப்பட்டது. அதுவரைக்கும் அவருடைய பழைய ஹெட்போன்.

அன்றிலிருந்து அழகேசன் ஆபீஸ் விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊரில் சாயங்காலம் நீளமானது. கற்றுக்கொள்ளத்தான் உட்கார்ந்தார். சரளி வரிசையின் முதல் வரி இரண்டு வாரத்தில் ஏறக்குறைய வந்தது. ஆனால் உள்ளே இரண்டாயிரத்துச் சொச்சம் சத்தங்கள் இருந்தனவே! புல்லாங்குழல், மழை, இடி, ஹெலிகாப்டர், தேவாலய மணி. ஒருநாள் தேடிக்கொண்டே போனபோது, ஒரு கட்டையை அமுக்கினால் பெரிய அரங்கமே எழுந்து கைதட்டும் சத்தம் அகப்பட்டது. அன்றிலிருந்து வழக்கம் மாறிவிட்டது. ச-ரி-க-ம ஒரு தடவை. கைதட்டல் மூன்று தடவை. சில நாள் சரிகமவை விட்டுவிட்டு நேராகக் கைதட்டலுக்குப் போய்விடுவார். தலையை லேசாகக் குனிந்து ஏற்றுக்கொள்வதும் உண்டு. அறையில் இருப்பவர்களுக்கு இதில் எதுவும் கேட்காது. ஒரு நடுவயது மனுஷர் காதை மூடிக்கொண்டு பிளாஸ்டிக்கை டக் டக் என்று தட்டுவது மட்டும் கேட்கும்.

இதுவரைக்கும் அழகேசனே ஆபீஸ் கேண்டீனில் சொல்லிச் சிரிக்கிற கதை. நடித்தும் காட்டுவார். இதற்கு மேல் நடந்ததை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

மார்ச் மாதம், ஒரு சாயங்காலம். அரங்கம் கைதட்டி ஓய்ந்தபோது சுசீலா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. குனிந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கினாள்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க.”

“அதான் தெரியுமே. நீ இன்னும் கிளம்பலியா?”

“நான் பஜனைக்குப் போயி அஞ்சு வாரமாச்சு.”

அழகேசனுக்கு முதலில் புரியவில்லை. ஐந்து வெள்ளிக்கிழமையும் அவர் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் இதே அறையில், அவர் முதுகுக்குப் பின்னால், துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாருக்காக இதை வாங்கினாரோ அவள் பின்வரிசையையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் இங்கே வணக்கம் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். கட்டைமேல் இருந்த கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“ஸ்பீக்கர் ஏப்ரல்ல வந்துரும் சுசீ. அப்புறம் நான் வாசிச்சா...”

“ஸ்பீக்கர் இல்லங்க. என் குரல் எறங்கிப்போச்சு.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “முன்ன அஞ்சரைக் கட்டையில பாடுவேன். ரெண்டு வருஷமா மேல எட்டல. ராஜசேகர் சார் யார்கிட்டயும் சொல்லாம அஞ்சுக்கு எறக்கினாரு. அப்புறம் நாலரை. கடைசில நாலு. நானும் கேக்கல, அவரும் சொல்லல. போன்ல ஓடுற டிராக் எனக்காக எறங்குமா? அவ்ளோதான், நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

எத்தனை சுரம் ஒரே நேரத்தில் ஒலிக்கும் என்று அறிந்தவருக்கு, எந்தச் சுருதியில் தன் பெண்டாட்டி பாடுவாள் என்று தெரியாது. நாலு வருஷம் தங்கிப்போன ஒரு பேங்க் மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“கமிட்டியில நான் இல்லியே,” என்றாள் சுசீலா.

அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். “நடுவுல நீங்க ‘ச’ வாசிக்கிற எடத்துலருந்து நாலாவது வெள்ளைக் கட்டைய அமுக்குங்க.”

அமுக்கினார். சுசீலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தாள்.

“யாருங்க கைதட்டுறாங்க?”

ஒளிக்க வழியில்லை. அழகேசன் தலையைக் குனிந்துகொண்டு, அது தனக்குத் தானே தட்டிக்கொள்வது என்பதைச் சைகையோடு விளக்கினார். எத்தனை நாளாக என்று கேட்டாள். அதையும் சொன்னார். சுசீலா சிரிக்க ஆரம்பித்தாள். ஹெட்போன் மாட்டியிருந்ததால் தன் சிரிப்பின் சத்தம் அவளுக்கே தெரியவில்லை. மதில் தாண்டிக் கேட்டிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அழகேசனும் சிரித்தார். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் நடந்த உருப்படியான காரியம் அதுதான்.

அப்புறம் அவர் சத்தத்தை மாற்றினார். ஆர்கன். மறுபடி அமுக்கினார். அவள் கண்ணை மூடி, உதட்டைக் குவித்து ஏதோ முயன்று பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

“நாலும் எட்டல. இன்னும் ஒண்ணு கீழ.”

பக்கத்துக் கட்டைக்கு நகர்ந்தார்.

“ம். இதான். விட்றாதீங்க.”

அவருக்கு டக் என்றது மட்டும்தான் கேட்டது. அதன்பிறகு அதுவும் இல்லை. மேஜை விசிறி சுற்றும் சத்தம். பிறகு சுசீலா பாட ஆரம்பித்தாள்.

ஆர்மோனியம் இல்லாமல், ஜால்ரா இல்லாமல், பின்பாட்டு இல்லாமல் அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. முன்னைப்போல் மெல்லியதாக இல்லை. கனத்திருந்தது. ஓரிடத்தில் கரகரத்தது, அவள் அதற்கு நிற்காமல் அதன் மேலேயே ஏறிப்போனாள். உடையவில்லை. அழகேசனுக்கு விரல் மரத்துப்போனது. ஒரு கட்டையை ஒரே விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அது என்ன சத்தம் போடுகிறது என்றுகூடத் தெரியாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கைத் துடைக்க இன்னொரு கை இருந்தது. அது தோன்றவில்லை.

பாடி முடித்துச் சுசீலா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“சுருதி சேந்து இருந்துச்சா?”

“எனக்கு அது கேக்கவே இல்ல சுசீ. நீ பாடினது மட்டுந்தான் கேட்டுச்சு.”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பஜனை தொடங்க இன்னும் அரை மணி இருந்தது.

“கோவில் மைக் செட் ஒயர் இதுக்குச் சேரும்னு ஈஸ்வரன் சொன்னாருல்ல?”

“சொன்னான்.”

“எனக்கு இந்த ஒரு கட்டை போதும். ஆனா அங்க வந்து, அத்தன பேர் முன்னாடி, இவ்ளோ பெரிய சாமான வச்சிக்கிட்டு, ஒத்த விரல்ல இதையே அமுக்கிட்டு உக்காரணும். முடியுமா உங்களால? சிரிப்பாங்க.”

அழகேசன் அந்தக் கட்டையின் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு அடையாளம் போட்டார். பிறகு எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

“ஈஸ்வரா! ஒரு கை புடிக்க வா. கோவிலுக்குத் தூக்கணும்.”

“கத்துக்கிட்டீங்களாண்ணே?” என்று மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“ஒரு கட்டை,” என்றார் அழகேசன்.